புளிக்கு ஈடுகொடுக்கும் ஒயின்: பங்குனி, சித்திரைக்கு ஆஸ்திரிய பாட்டில்களைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

ஐரோப்பாவில் வேலை பார்க்கும் பிள்ளைகள் ஈஸ்டர் விடுமுறையை ஒட்டி ஊருக்கு வரும்போது, “என்ன வாங்கி வரட்டும்?” என்று கேட்பது ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்து வீடுகளில் இப்போது வழக்கமாகிவிட்டது. வியன்னாவில் இருக்கும் என் தங்கை மகனும் பங்குனி பிறப்பதற்கு முன்பே தொலைபேசியில் இதைத்தான் கேட்பான். இந்தியச் சுங்க விதிப்படி, வயது வந்த பயணி ஒருவர் 2 லிட்டர் வரை மதுவகைகளை வரியின்றிக் கொண்டுவரலாம். ஒயின் பாட்டில் ஒன்றின் அளவு 750 மில்லி லிட்டர். இனிப்பு ஒயின்கள் 375 மில்லி லிட்டர் கொண்ட அரை பாட்டிலிலும் கிடைக்கின்றன. இரண்டு முழு பாட்டில்களோடு ஓர் அரை பாட்டிலைச் சேர்த்தால் 1,875 மில்லி லிட்டர் ஆகிறது. ஆகவே அவன் கேள்விக்கு நான் சொல்லும் பதில் எப்போதும் மூன்று பெயர்கள்தான். அந்த மூன்றையும் எந்த அடிப்படையில் தேர்ந்தெடுக்கிறேன், இளவேனிற் காலத்தில் நம் வீடுகளில் சமைக்கும் எந்தெந்த உணவோடு அவற்றைப் பரிமாறுகிறேன் என்பதை இங்கே விரிவாக எழுதுகிறேன். தமிழ்நாட்டில் மது அருந்துவதற்கான வயது 21 என்பதையும், ஒரு பாட்டிலில் ஐந்து பேருக்கு ஆளுக்கு 150 மில்லி லிட்டர் தாராளமாக வரும் என்பதையும், அருந்தியவர் வண்டியைத் தொடக் கூடாது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

புளியிலிருந்து தொடங்க வேண்டும்

மீனுக்கு வெள்ளை ஒயின், ஆட்டுக்கறிக்குச் சிவப்பு ஒயின் என்பது பலரும் சொல்லித் தரும் விதி. வெண்ணெயும் பாலாடையும் சேர்த்துச் சமைக்கும் நாடுகளில் அது ஓரளவு பயன்படும். நம் பக்கத்துச் சமையலில் மீனா, கறியா, கத்திரிக்காயா என்பதைவிட, அது எவ்வளவு புளியில் வெந்தது, எவ்வளவு மிளகாய் சேர்ந்தது என்பதே நாக்கில் முந்தி நிற்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் சாலையோரமெல்லாம் புளியமரம். மாசி, பங்குனியில் புளி உலுக்கி, ஓடு நீக்கி, கொட்டை எடுத்து, உருட்டி வைக்கும் வேலை வீட்டுக்கு வீடு நடக்கிறது. அந்தப் புதுப்புளி குழம்பில் விழும் மாதத்தில் எந்த ஒயினை எடுத்தாலும், அதைப் புளியோடு நிறுத்திப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இதற்கு ஓர் அடிப்படைக் காரணம் இருக்கிறது. புளியம்பழத்துக்குப் புளிப்பைத் தரும் டார்டாரிக் அமிலமே திராட்சையிலும் முதன்மையான அமிலம். எலுமிச்சையில் மிகுந்திருப்பது சிட்ரிக் அமிலம், ஆப்பிளில் மிகுந்திருப்பது மாலிக் அமிலம். டார்டாரிக் அமிலத்தை இவ்வளவு நிறைவாகக் கொண்ட பழங்கள் மிகச் சிலவே. ஆகவே நம் குழம்பும் நல்ல ஒயினும் ஒரே புளிப்பைப் பேசும் இரண்டு பொருள்கள். அவற்றைச் சேர்க்கும்போது நினைவில் வைக்க வேண்டிய விதி ஒன்றுதான்: உணவின் புளிப்பைவிட ஒயினின் புளிப்பு குறைந்திருக்கக் கூடாது. குறைந்திருந்தால், ஒரு வாய் குழம்புக்குப் பிறகு ஒயின் சப்பென்று ஆகிவிடும். சில ஆண்டுகளுக்கு முன் வெயில் மிகுந்த நாடொன்றின் ஷார்டனே ஒயினை நல்ல விலை கொடுத்து வாங்கி, கத்திரிக்காய்ப் புளிக்குழம்போடு விருந்தினர்களுக்குப் பரிமாறினேன். தனியாகக் குடித்தபோது மணமும் வழவழப்புமாக இருந்த அதே ஒயின், குழம்போடு சேர்ந்ததும் மர மிடாவின் வாசமும் சாராயக் காட்டமும் மட்டும் மிஞ்சிய தண்ணீராகத் தெரிந்தது. ஒயினிலும் குறையில்லை, குழம்பிலும் குறையில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்தது என் பிழை. அதன் பிறகுதான் புளிப்புக் குன்றாத ஒயின்களைத் தேடத் தொடங்கினேன், ஆஸ்திரியாவுக்கு வந்து சேர்ந்தேன்.

ஆஸ்திரியாவின் திராட்சைத் தோட்டங்கள் நாட்டின் கிழக்குப் பகுதியில், ஏறத்தாழ 47, 48 டிகிரி வட அட்சரேகையை ஒட்டி இருக்கின்றன. பகலில் ஹங்கேரிச் சமவெளியின் வெப்பக் காற்று பழத்தைப் பழுக்க வைக்கிறது. இரவில் வடக்கே உள்ள காட்டு மேட்டுநிலத்திலிருந்து இறங்கும் குளிர்காற்று அதன் புளிப்பைக் காக்கிறது. பகல் வெப்பத்துக்கும் இரவுக் குளிருக்கும் இடையே உள்ள இந்த வேறுபாட்டால்தான் முழுதும் பழுத்த பழத்திலும் புளிப்புக் குறையாமல் நிற்கிறது. இளவேனிலுக்கு இந்த ஒயின்கள் பொருந்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. செப்டம்பர், அக்டோபரில் அறுவடையாகும் பழத்திலிருந்து செய்யப்படும் இலகுவான வெள்ளை ஒயின்கள், அடுத்த ஆண்டின் முதல் மாதங்களில் பாட்டிலில் அடைக்கப்பட்டு, மார்ச், ஏப்ரலில் கடைகளை நிறைக்கின்றன. நமக்குப் புதுப்புளி வரும் நாளும் அவர்களுக்குப் புது ஒயின் வரும் நாளும் ஏறக்குறைய ஒன்றாகவே அமைகின்றன.

பாட்டிலில் எழுதியிருப்பதை வாசிப்பது

கடையில் நிற்பவருக்குத் தொலைபேசியில் வழிசொல்ல வேண்டுமானால் பாட்டிலின் சீட்டை வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஆஸ்திரியாவில் இந்தச் சீட்டை நம்பலாம். 1985ஆம் ஆண்டில் சில வணிகர்கள் ஒயினுக்குச் செயற்கையாகக் கனமும் இனிமையும் ஏற்ற டை எத்திலீன் கிளைகால் என்ற வேதிப்பொருளைக் கலந்தது வெளிப்பட்டு, அந்நாட்டு ஏற்றுமதியே ஏறத்தாழ நின்றுபோனது. அதன் விளைவாக இயற்றப்பட்ட ஒயின் சட்டம் உலகிலேயே மிகக் கடுமையான சட்டங்களுள் ஒன்று. இன்று தரச்சான்று பெற்ற ஒவ்வோர் ஒயினும் அரசின் ஆய்வகச் சோதனையிலும் சுவைப்போர் குழுவின் சோதனையிலும் தேறியிருக்க வேண்டும். அதற்கான சோதனை எண் சீட்டில் அச்சிடப்பட்டிருக்கும். மூடியின் தலையில் சிவப்பு, வெள்ளை, சிவப்பு என்ற கோடுகள் கொண்ட சிறு முத்திரை தெரியும். அந்த முத்திரை இல்லாத பாட்டிலை, அனுபவம் இல்லாதவர்கள் தொடாமல் இருப்பது நல்லது.

அடுத்துப் பார்க்க வேண்டியது ஆண்டு. சீட்டில் இருப்பது அறுவடை ஆண்டு. இலகுவான வெள்ளை ஒயின் என்றால், இந்தப் பங்குனியில் வாங்கும் பாட்டிலில் சென்ற ஆண்டின் எண் இருக்க வேண்டும். அதற்கு முந்தைய ஆண்டும் ஏற்கத்தக்கதே. கனமான ஒயின்களுக்கு இந்த விதி பொருந்தாது. அவற்றுள் சில பத்து ஆண்டு கழித்தும் வளர்ந்துகொண்டிருக்கும்.

மூன்றாவதாக, சாராய (ஆல்கஹால்) அளவு. மிளகாயின் காரத்தை எழுப்பும் கேப்சைசின் என்ற பொருளின் எரிச்சலைச் சாராயம் கூட்டிக் காட்டும். அதனால் காரம் போட்ட உணவுக்கு 12.5 விழுக்காட்டுக்கு மேல் போக வேண்டாம் என்பது என் கணக்கு. வாஹௌ என்ற பள்ளத்தாக்கின் ஒயின்களில் இந்த அளவைப் பெயரிலேயே அறியலாம். அங்கே 1983இல் தொடங்கப்பட்ட தயாரிப்பாளர் சங்கம் மூன்று பிரிவுகளை வகுத்தது: 11.5 விழுக்காட்டுக்கு மிகாதது ஸ்டைன்ஃபெடர், 11.5 முதல் 12.5 வரை ஃபெடர்ஷ்பீல்; அதற்கு மேற்பட்டது ஸ்மராக்ட். முதற்பெயர் அந்த மலைச்சரிவில் வளரும் ஒருவகை இறகுப் புல்லினுடையது; நடுப்பெயர் வல்லூறு வேட்டையிலிருந்து வந்தது; மூன்றாவது, வெயிலில் கல்மேல் படுத்திருக்கும் மரகதப் பச்சை நிறப் பல்லியினுடையது. நமக்கு வேண்டியது நடுவில் உள்ள ஃபெடர்ஷ்பீல்.

கடைசியாக, இனிப்பு. டிராக்கன் என்று எழுதியிருந்தால் இனிப்பில்லாத ஒயின். ஹால்ப்டிராக்கன் என்றால் மெல்லிய இனிப்பு. ஆனால் டிராக்கன்பேரன்அவுஸ்லேஸ என்று ஒரு நீண்ட சொல் வரும். அது இனிப்பில்லாத ஒயின் அல்ல; செடியிலேயே உலர்ந்து சுருங்கிய பழங்களைப் பொறுக்கி எடுத்துச் செய்த, தேனைப் போல் இனிக்கும் ஒயின். முதற்பகுதியை மட்டும் வாசித்துவிட்டு வாங்கி வருவோர் உண்டு. டி.ஏ.சி. என்ற மூன்றெழுத்து இருந்தால், அந்த வட்டாரத்துக்கே உரிய திராட்சையையும் சுவையையும் கொண்ட ஒயின் என்று பொருள். 2002ஆம் ஆண்டு அறுவடைக்கு, வைன்ஃபியர்டெல் என்ற வடகிழக்கு வட்டாரம் இதை முதலில் பெற்றது. இப்போது 18 வட்டாரங்கள் பெற்றிருக்கின்றன.

முதல் பாட்டில்: குரூனர் வெல்ட்லினர்

ஆஸ்திரியத் திராட்சைத் தோட்டங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குரூனர் வெல்ட்லினர் என்ற ஒரே வகைதான். அந்த மண்ணின் பழைய குடி அது; அதன் பெற்றோருள் ஒன்று டிராமினர் என்ற வகை என்றும், மற்றொன்று ஐசன்ஸ்டாட் நகருக்கு அருகே சங்க்ட் கெயோர்கன் என்ற ஊரில் தப்பிப் பிழைத்திருந்த ஒரு பழங்கொடி என்றும் மரபணு ஆய்வில் தெரியவந்தது. பச்சை ஆப்பிள், எலுமிச்சைத் தோல் ஆகியவற்றின் மணத்தோடு வெள்ளை மிளகின் வாடையும் இதில் எழும். இந்த வாடையைக் கற்பனை என்று எண்ண வேண்டாம். மிளகுக்கு அதன் மணத்தைத் தரும் ரோட்டன்டோன் என்ற பொருளே இந்தத் திராட்சையின் தோலிலும் உருவாகிறது. மிளகு தட்டிப்போட்ட எந்த உணவோடும் இது உறவாக அமர்வதற்குக் காரணம் இதுதான்.

மூன்று பாட்டில்களில் ஒன்றை மட்டுமே கொண்டுவர முடியும் என்று யாராவது சொன்னால், நான் தயங்காமல் இதையே கேட்பேன். வைன்ஃபியர்டெல் டி.ஏ.சி. என்று எழுதிய பாட்டில் குரூனர் வெல்ட்லினரன்றி வேறெதுவாகவும் இருக்க முடியாது. அந்தப் பெயரில் மிளகு வாடை தெளிவாக எழும், விலையும் மிதமாக இருக்கும். ரிசர்வ் என்று சேர்த்து எழுதியிருந்தால் சாராய அளவு குறைந்தது 13 விழுக்காடாக இருக்கும், அதை விட்டுவிடலாம். வாஹௌ, கிரெம்ஸ்டால், காம்ப்டால் வட்டாரங்களின் பாட்டில்கள் சற்று விலை கூடினாலும், தானுபே ஆற்றங்கரையின் காற்றுப் படிவ மண்ணில் வளர்ந்தவை வழவழப்பாகவும், நைஸ் பாறைப் படிக்கட்டுத் தோட்டங்களில் வளர்ந்தவை கத்தியைப் போல் கூர்மையாகவும் இருக்கும். புளிக்குழம்புக்குப் பாறையில் வளர்ந்ததையும், தேங்காய் அரைத்த குழம்புக்குக் காற்றுப் படிவ மண்ணில் வளர்ந்ததையும் நான் எடுப்பேன்.

இதற்கு மிகப் பொருத்தமான உணவு நம் அணை மீன் வறுவல். கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணைக்குப் போகிறவர்களும் ஒகேனக்கல்லுக்குப் போகிறவர்களும் அந்த வாசத்தை அறிவார்கள்: கட்லா, ரோகு, கெளுத்தி என்று அன்றைக்குக் கிடைத்த மீனைக் கீறி, மிளகாய்த்தூளும் உப்பும் இஞ்சி பூண்டும் பிசறி, காய்ந்த எண்ணெயில் போட்டு எடுத்து, எலுமிச்சை பிழிந்து தருவார்கள். வியன்னாவில் இதே வேலையைக் கன்றுக்குட்டி இறைச்சியில் செய்கிறார்கள். மெல்லியதாகத் தட்டி, ரொட்டித்தூளில் புரட்டி, பொன்னிறமாக வறுத்து, எலுமிச்சைத் துண்டோடு தட்டில் வைக்கிறார்கள், பக்கத்தில் இந்த ஒயின்தான் நிற்கிறது. எண்ணெய்ப் பண்டத்துக்குப் பின் நாக்கைக் கழுவிவிடும் புளிப்பும், வறுத்த மேல்தோலின் கருகல் வாசத்தோடு ஒத்துப்போகும் மிளகு வாடையும் இரண்டு இடத்திலும் ஒரே காரணத்தால் வேலை செய்கின்றன. மீனை வீட்டுக்கு வாங்கி வந்து சமைப்பவர்கள் மிளகாய்த்தூளில் கால்பங்கைக் குறைத்து, அந்த அளவுக்கு மிளகுத்தூளைச் சேர்த்தால், ஒயின் இன்னும் தெளிவாகப் பேசும்.

இரண்டாவது பொருத்தம் பலருக்கு வியப்பாக இருக்கலாம்: கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும். களிக்கென்று தனிச் சுவை குறைவு. மண்வாசமும் மெல்லிய கசப்பும் உண்டு. கீரையோடு பூண்டும் பச்சை மிளகாயும் சேர்ந்து கடையும்போது எழும் பச்சை வாசமே அந்த உணவின் உயிர். ஆஸ்திரியாவின் இளவேனில் உணவும் இதே வாசத்தைச் சுற்றியே அமைகிறது. மார்ச், ஏப்ரலில் வியன்னாக் காடுகளில் தரையெல்லாம் பூண்டு மணக்கும் காட்டுக்கீரை படர்கிறது. அதைப் பறித்துச் சூப் வைக்கிறார்கள். ஏப்ரலில் மார்ச்ஃபெல்ட் சமவெளியிலிருந்து வெள்ளை அஸ்பாரகஸ் தண்டுகள் வரத் தொடங்குகின்றன. நம் ஊரில் மருந்துக்குப் பயன்படும் தண்ணீர்விட்டான் கிழங்கு அந்தச் செடியின் நெருங்கிய உறவு. இந்தத் தண்டின் பச்சைக் கசப்பு பெரும்பாலான ஒயின்களைக் கெடுத்துவிடும். குரூனர் வெல்ட்லினர் மட்டும் அதை இயல்பாக ஏற்றுக்கொள்ளும் என்பது அங்கே பழைய அனுபவம். பச்சைக் கசப்பை ஏற்கும் ஒயின் நம் அரைக்கீரையையும் முருங்கைக்கீரையையும் ஏற்கும் என்று எண்ணி ஒரு ஞாயிற்றுக்கிழமை பரிமாறிப் பார்த்தேன். இன்று வரை அந்தச் சேர்க்கையை மாற்றவில்லை. கடைசலில் புளி சேர்ப்பவர்கள் தக்காளியோடு நிறுத்திக்கொண்டால் போதும், பாலக்கோட்டுத் தக்காளிக்கே அதற்கு வேண்டிய புளிப்பு இருக்கிறது.

மிளகு ரசத்தோடு ஒயின் வேண்டாம். மணத்தில் பொருத்தம் இருந்தாலும், கொதிக்கும் நீர்மத்துக்குப் பின் குளிர்ந்த நீர்மம் பல்லைக் கூசச் செய்யும். ரசத்தை முடித்துவிட்டுப் பொரியலுக்கு வரும்போது கோப்பையைத் தொடலாம்.

இரண்டாம் பாட்டில்: ரீஸ்லிங்கா, ட்ஸ்வைகெல்ட்டா?

இது வீட்டைப் பொறுத்தது. கறி சமைக்காத வீடு என்றாலும், புளிக்குழம்பும் மாங்காயும் அதிகம் புழங்கும் வீடு என்றாலும் ரீஸ்லிங் வாங்க வேண்டும். ஞாயிறு தவறாமல் நாட்டுக்கோழி அடிக்கும் வீடு என்றால் ட்ஸ்வைகெல்ட் வாங்க வேண்டும்.

ரீஸ்லிங் ஆஸ்திரியாவில் சிறு பரப்பில்தான், பெரும்பாலும் வாஹௌ, கிரெம்ஸ்டால், காம்ப்டால் வட்டாரங்களின் பாறைச் சரிவுகளில் வளர்கிறது. வெள்ளைத் திராட்சைகளில் இதைப்போல் புளிப்பை விடாமல் பிடித்துக்கொள்வது அரிது. பீச்சும் வாதுமைப்பழமும் (ஆப்ரிகாட்) கலந்த மணம் உடையது. வாஹௌ பள்ளத்தாக்கு வாதுமைப்பழத் தோட்டங்களுக்கும் பெயர்பெற்றது, மார்ச் இறுதியிலும் ஏப்ரலிலும் அந்தப் பள்ளத்தாக்கு முழுவதும் வெண்பூவாக நிற்கும். ஹால்ப்டிராக்கன் என்று எழுதிய ரீஸ்லிங் கிடைத்தால் தவறவிடாமல் வாங்கச் சொல்லுங்கள். அதிலுள்ள மெல்லிய இனிப்பு மிளகாயின் எரிச்சலைத் தணிக்கும். அதே சமயம் அதன் புளிப்பு குழம்பின் புளியோடு சமமாக நிற்கும். நம் வீட்டுக் குழம்பிலும் புளியோடு சிறிது வெல்லம் போடுகிறோமே, அந்தச் சமநிலையைத்தான் இந்த ஒயின் கோப்பைக்குள் வைத்திருக்கிறது. எண்ணெய்க் கத்திரிக்காய், முருங்கைக்காய்ப் புளிக்குழம்பு, மாங்காய் போட்ட மீன் குழம்பு ஆகிய மூன்றுக்கும் நான் வேறு எதையும் பரிந்துரைக்க மாட்டேன்.

சித்திரை முதல் நாளின் மாங்காய்ப் பச்சடியைப் பற்றியும் ஒரு சொல். வேப்பம்பூவும் வெல்லமும் மாங்காயும் மிளகாயும் உப்பும் சேர்ந்த அந்தப் பச்சடிக்கு இதைவிடப் பொருத்தமான ஒயின் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் யுகாதியன்றும் புத்தாண்டன்றும் படையல் போடும் வீட்டில் மதுவை வைப்பது எங்கள் பக்கத்து வழக்கமன்று, வைக்கவும் வேண்டாம். அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமை பச்சடியை மறுபடி செய்துகொள்ளலாம்.

ட்ஸ்வைகெல்ட், 1922இல் க்ளோஸ்டர்நொய்பூர்க் திராட்சை ஆய்வுப் பள்ளியில் பிளாவ்ஃப்ரெங்கிஷ், சங்க்ட் லோரன்ட் என்ற இரு வகைகளைக் கலப்பினம் செய்து உருவாக்கிய சிவப்புத் திராட்சை. இன்று ஆஸ்திரியாவில் அதிகப் பரப்பில் வளரும் சிவப்பு வகை இதுவே. செர்ரிப் பழ மணமும் துவர்ப்புக் குறைவும் இதன் குணங்கள். துவர்ப்புக் குறைவதுதான் நமக்கு வேண்டியது. டானின் என்னும் துவர்ப்புப் பொருள் மிகுந்த சிவப்பு ஒயின், மிளகாய்க் காரத்தோடு சேர்ந்தால் நாக்கு கசந்து வறண்டுபோகும். மர மிடாவில் நெடுநாள் வைத்ததை விட்டு, இளையதாக, 12.5 விழுக்காட்டை ஒட்டியதாகத் தேர்ந்தெடுங்கள். மிளகும் சின்ன வெங்காயமும் போட்டுச் சுருள வதக்கிய நாட்டுக்கோழி வறுவலோடு இது நன்றாகப் பொருந்தும். ஆட்டுக்கறிக்கு இன்னும் சற்றுக் கனமும் புளிப்பும் கொண்ட பிளாவ்ஃப்ரெங்கிஷ் பொருத்தம். ஆனால் இளவேனில் வெயிலில் அந்தக் கனம் எனக்குப் பிடிப்பதில்லை, அதை மார்கழிக்கு வைத்துக்கொள்ளலாம்.

சிவப்பு ஒயினை மீனோடு வைக்காதீர்கள். சிவப்பு ஒயினிலுள்ள இரும்புச்சத்து மீனின் கொழுப்போடு சேர்ந்து கவிச்சியை எழுப்பும். கருவாட்டுக் குழம்புக்கோ வெள்ளை, சிவப்பு என்று எந்த ஒயினும் வேண்டாம், மோர் போதும்.

வேறு சில பாட்டில்களும் கண்ணில் படும். தெற்கு ஸ்டைரியா வட்டாரத்தின் சாவின்யோன் பிளாங் என்ற வெள்ளை ஒயினில் குடைமிளகாயின் பச்சை வாசம் எழும். ஓசூர்ப் பசுமைக்குடில் குடைமிளகாயில் செய்த பொரியலுக்கும் கொத்தமல்லித் துவையலுக்கும் அது ஏற்றது. வியன்னா நகர எல்லைக்குள்ளேயே விளையும் கெமிஷ்டர் சாட்ஸ், குறைந்தது மூன்று வெள்ளை வகைகளை ஒரே தோட்டத்தில் கலந்து நட்டு, ஒன்றாகவே அறுவடை செய்து, ஒன்றாகவே நொதிக்க வைத்தது. பல பொரியல்களோடு இலைபோட்டுச் சாப்பிடும் நாளில் எதோடும் முரண்படாமல் போகும். மேற்கு ஸ்டைரியாவின் ஷில்ஹர் என்ற இளஞ்சிவப்பு ஒயின் மிகக் கடும் புளிப்பு. புளியோதரைக்கு ஈடுகொடுக்கும், தனியாகக் குடிக்க எல்லோருக்கும் ஏலாது.

அரை பாட்டிலும் மாம்பழமும்

பங்குனியில் மாவடு, சித்திரையில் காய், வைகாசியில் பழம் என்று கிருஷ்ணகிரித் தோப்புகளின் கணக்கு ஓடுகிறது. அரை பாட்டிலை அந்த வைகாசிக்காகவே எடுத்து வைக்க வேண்டும்.

ஆஸ்திரியாவின் கிழக்கு எல்லையில், பூர்கன்லாந்து மாநிலத்தில் நோய்சீட்லர் ஏரி இருக்கிறது. பரப்பில் பெரிது, ஆழமோ இரண்டு மீட்டர்கூட இல்லை. இலையுதிர் காலக் காலைகளில் அதிலிருந்து எழும் மூடுபனி, கரையோரத் தோட்டங்களில் பொட்ரைட்டிஸ் என்ற பூஞ்சையை வளர்க்கிறது. அது பழத்தோலில் நுண்துளையிட, பகல் வெயிலில் நீர் ஆவியாகி, பழம் சுருங்கி, சர்க்கரையும் புளிப்பும் மணமும் உள்ளே செறிகின்றன. இல்மிட்ஸ், ரூஸ்ட் போன்ற ஊர்களில் அந்தப் பழங்களைக் கையால் பொறுக்கிச் செய்பவையே பேரன்அவுஸ்லேஸ, ரூஸ்டர் அவுஸ்புரூக், முன்பு சொன்ன டிராக்கன்பேரன்அவுஸ்லேஸ ஆகியவை. கடைசியில் சொன்னது மிகச் செறிவு, மிக விலை. நமக்குப் பேரன்அவுஸ்லேஸ போதும்.

இனிப்புப் பண்டத்தைவிட ஒயின் இனிப்பாக இருக்க வேண்டும் என்பது இங்கே விதி. பழுத்த செந்தூராவுக்கும் அல்போன்சாவுக்கும் இந்த ஒயின் ஈடுகொடுக்கும். அதன் வாதுமைப்பழ மணம் மாம்பழ மணத்தோடு கலந்து, எது பழம், எது ஒயின் என்று பிரிக்க முடியாதபடி வாயில் நிற்கும். பங்கனப்பள்ளியின் மெல்லிய மணம் மட்டும் இதில் அமுங்கிவிடுவதால் அதைத் தனியே சாப்பிடுங்கள். கிளிமூக்கு என்று நாம் சொல்லும் பெங்களூராவை முற்றிலும் பழுக்கவிடாமல், பாதிப் பழுப்பில், உப்பில்லாமல் நறுக்கி வையுங்கள். அதன் புளிப்பும் ஒயினின் புளிப்பும் இனிப்பைத் திகட்டாமல் காக்கும். ஒப்பட்டுக்கும் இது பொருந்துகிறது, தேங்காய் ஒப்பட்டைவிடப் பருப்பு ஒப்பட்டுக்கு நன்றாக. பால் சேர்ந்த பாயசத்தோடு வேண்டாம். ஆளுக்கு 50 மில்லி லிட்டர் ஊற்றினால் அரை பாட்டில் ஏழு பேருக்கு வரும்.

கொண்டுவருவதும் குளிர்விப்பதும்

பாட்டில்களைத் துணியில் சுற்றி, பெரிய பெட்டியின் நடுவில் வைத்து, சரக்குப் பகுதியில் அனுப்பச் சொல்லுங்கள். இலகுவான ஆஸ்திரிய ஒயின்களில் பெரும்பாலானவற்றுக்குத் திருகு மூடிதான்; அது மட்டம் என்று எண்ண வேண்டாம், புதுமணத்தைக் காக்கவே அதைப் போடுகிறார்கள், நமக்குத் தக்கைத் திருகி தேடும் வேலையும் மிச்சம். வாங்கிய ரசீதைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். பெங்களூரில் இறங்கி அத்திப்பள்ளி வழியாக வருவோர், வேறு மாநிலத்திலிருந்து மது கொண்டுவருவதற்குத் தமிழ்நாட்டில் கட்டுப்பாடுகள் உண்டு என்பதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும். சென்னையில் இறங்கிச் சுங்கம் கடந்து வருவது மேல் என்பது என் கருத்து.

வழியில் வெயில்தான் பகை. நிறுத்திய காருக்குள் சித்திரை மதியத்தில் ஒரு மணி நேரம் இருந்தாலே இளம் வெள்ளை ஒயின் வெந்த பழத்தின் வாசம் கொண்டுவிடும். சாப்பாட்டுக்கு நிறுத்தினால் பெட்டியையும் உள்ளே எடுத்துப் போங்கள். வீடு வந்ததும் பரணிலும் சமையலறை அலமாரியிலும் வைக்காமல், குளிர்பதனப் பெட்டியின் அடித்தட்டில் படுக்க வைத்துவிடுங்கள். அரை பாட்டில் வைகாசி வரை அங்கேயே இருக்கலாம்.

பரிமாறும்போது குரூனர் வெல்ட்லினர் 8 முதல் 10 டிகிரி, ரீஸ்லிங் 10 டிகிரி, ட்ஸ்வைகெல்ட் 14 முதல் 16 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் தர வேண்டும் என்பது குளிர்நாட்டு அறையைப் பற்றிய பேச்சு; தருமபுரி அறையின் 35 டிகிரிக்கு அது பொருந்தாது. ட்ஸ்வைகெல்ட்டையும் குளிர்பதனப் பெட்டியில் குளிர்வித்தே பரிமாறுங்கள். அவசரம் என்றால், எவர்சில்வர் குண்டானில் பனிக்கட்டியும் தண்ணீரும் ஒரு கைப்பிடி கல்லுப்பும் போட்டு, பாட்டிலைக் கழுத்து வரை முக்கி வைத்தால் இருபது நிமிடத்தில் குளிர்ந்துவிடும். கோப்பையில் நிறைய ஊற்றாதீர்கள்; நம் வெயிலில் பத்து நிமிடத்தில் சூடேறிவிடும், கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவதே முறை. எவர்சில்வர் டம்ளரில் மணம் தெரியாது. வாய் சற்றுக் குறுகிய கண்ணாடிக் கோப்பை எதுவானாலும் சரி.

திறந்த வெள்ளை ஒயினை மூடி போட்டுக் குளிரில் வைத்தால் மூன்று நாள் தாங்கும். இரண்டாம் நாளில் குரூனர் வெல்ட்லினர் மீந்திருந்தால், வியன்னாக்காரர்கள் கோடையில் செய்வதுபோல் அதே அளவு குளிர்ந்த சோடாவைக் கலந்துவிடுங்கள். சாராய அளவும் பாதியாகும். வறுத்த நிலக்கடலையையும், புதிதாக ஊறிய மாவடு நாலைந்தையும் ஒரு தட்டில் வைத்துக்கொண்டு, வெயில் இறங்கிய பிறகு திண்ணைக்கு எடுத்துப் போகலாம்.